கரிகிரிக்கு வாருங்கள்!



பயணக் கட்டுரை என்றதும் அருவியும் கடற்கரையும் குளிர்ந்த மலைவாசத் தலமும் உங்கள் நினைவுக்கு வரலாம். இம்மாதம் உங்களை அழைத்துச் செல்லும் இடத்தில் அவை எதுவும் இல்லை. அங்கே ஒரு மலை உண்டு. அதன் அடியில் ஒரு மருத்துவமனை உண்டு. அங்கு போய் வருவதை வெளியே சொல்லிக்கொள்ள மக்கள் அஞ்சிய காலமும் ஒன்று உண்டு. ஆயினும், குடும்பத்தோடு ஒருமுறையேனும் மனத்தால் சென்று வரவேண்டிய ஊர் அது. பெயர் கரிகிரி.

பாலாற்றின் இருகரையும்

சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் இரயிலில் ஏறினால் காட்பாடிச் சந்திப்பில் இறங்கலாம். தெற்கே பாலாறு. பெயரில் பால் இருந்தாலும் ஆண்டின் பெரும்பகுதி அதில் ஓடுவது வெறும் மணல்தான். பாலத்தைக் கடந்தால் வேலூர். 1806-ஆம் ஆண்டின் சிப்பாய்ப் புரட்சியைக் கண்ட கோட்டை, திப்பு சுல்தானின் குடும்பத்தார் சிறைவைக்கப்பட்ட மண், தலைமுறை தலைமுறையாக ஆலிம்களை உருவாக்கிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி, 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று நம்மவர்க்கு நன்கு அறிமுகமான நகரம் அது. சற்றுச் சுற்றிவந்தால் மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. தோல் பதனிட்டும் காலணி தைத்தும் உலகெங்கும் அனுப்பிவைக்கும் முஸ்லிம் பெருமக்கள் நிறைந்த ஊர்கள். அந்தக் காலணியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

காட்பாடிப் பக்கமே நின்று சிறிது தொலைவு சென்றால் கரிகிரி வரும். கரி என்றால் யானை. கிரி என்றால் மலை. படுத்திருக்கும் யானையைப் போன்ற குன்றின் அடிவாரத்தில், 1955-ஆம் ஆண்டு ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டது. அன்று அது கல்லும் முள்ளும் மண்டிய பொட்டல் நிலம். மழைநீரைத் தேக்க வரப்புகள் கட்டி, மரக்கன்றுகளை நட்டு, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு அதனைச் சோலையாக்கினார்கள். அங்கே தலைமை மருத்துவராய் இருந்த எர்னஸ்ட் ஃபிரிட்ஷி அறுவைச் சிகிச்சைக்குக் காட்டிய அக்கறையை மரங்களுக்கும் காட்டியவர்.

இவ்வளவு தள்ளி, இப்படியொரு பொட்டலில் மருத்துவமனை எழுந்தது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? தொழுநோயருக்கான இல்லம் எதுவும் ஊருக்கு வெளியேதான் இருக்கவேண்டும் என்பது அக்காலத்து எழுதாத விதி. எழுதிய விதியும் இருந்தது. 1898-ஆம் ஆண்டு ஆங்கில அரசு இயற்றிய சட்டம், ஏழைத் தொழுநோயரைப் பிடித்து அடைத்துவைக்க அதிகாரம் தந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் அச்சட்டம் ஏட்டில் நீடித்து, 2016-இல்தான் நீக்கப்பட்டது.

கைகுலுக்கலில் பிறந்த மருத்துவம்

கரிகிரியின் கதை உண்மையில் செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள திருமணியில் தொடங்குகிறது. அங்கிருந்த தொழுநோய் இல்லத்துக்கு 1947-இல் ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு நம் கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்தவர். வேலூர் மருத்துவக் கல்லூரியில் அப்போதுதான் பணியில் சேர்ந்திருந்தார்.

விரல்கள் மடங்கி, பறவையின் நகம்போல் வளைந்த கைகளோடு நோயர்கள் அங்கே இருந்தார்கள். ஓர் இளைஞனின் கையைத் தம் கையில் வாங்கிய பிராண்ட், "இயன்றவரை அழுத்திப் பிடி" என்றார். செயலிழந்த கை என்றல்லவா எண்ணியிருந்தார்? ஆனால் நகங்கள் உள்ளங்கையில் பதிய, வலி பொறுக்க முடியாத அளவுக்கு அந்தப் பிடி இறுகியது. கைக்குள் வலுவான தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பதை அந்த வலி அவருக்கு உணர்த்தியது. நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலோடு இணைத்தால் மடங்கிய கை மீண்டும் விரியுமே என்ற எண்ணம் பிறந்தது. ஆயிரக்கணக்கான கைகளை மீட்டுத் தந்த அறுவைமுறை அதிலிருந்து வளர்ந்தது.

ஒரு செய்தியை இங்கே ஊன்றிக் கவனியுங்கள். அந்நோயரை எத்தனையோ பேர் தூரத்திலிருந்து பார்த்திருப்பார்கள்; இரங்கியும் இருப்பார்கள். கையைப் பற்றியவருக்கே உண்மை தெரிந்தது. நாம் முஸாஃபஹா என்று நாள்தோறும் செய்வது இதைத்தான்.

நோய் செய்வது என்ன?

தொழுநோய் எவருடைய பாவத்தின் கூலியும் அன்று. பரம்பரைச் சாபமும் அன்று. அது ஒரு கிருமியால் வருவது. 1873-ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதனைக் கண்டறிந்தார். உலகிலுள்ள நோய்க்கிருமிகளுள் மிக மெதுவாகப் பெருகுபவற்றுள் அதுவும் ஒன்று. உடம்பில் புகுந்து அடையாளம் காட்டச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. மருந்து உண்ணாத நோயரோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகுகையில், அவரது மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வரும் துளிகளால் பரவுகிறது என்பதே மருத்துவர் கூற்று. கைகுலுக்குவதாலோ, அருகில் அமர்வதாலோ, சேர்ந்து உண்பதாலோ பரவுவதில்லை.

விரல்கள் அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கையும் தவறு. அந்தக் கிருமி நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. சுடுகின்ற பாத்திரத்தை எடுத்தாலும் கைக்குத் தெரியாது; முள் தைத்தாலும் காலுக்குத் தெரியாது. காயம் புண்ணாகி, புண் எலும்புவரை சென்று, விரல் குறுகுகிறது. இரவில் விரல்நுனி காணாமற்போவது எப்படி என்று வேலூர் மருத்துவர்கள் திகைத்தபோது, எலிகள் வந்து கடித்துச் செல்வது கண்டறியப்பட்டது. உறங்குபவருக்கு வலி இல்லாததால் விழிப்பும் வரவில்லை. எனவே நோயர் வீட்டுக்குச் செல்லும்போது ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்! வலி என்பது இறைவன் நமக்களித்த காவலாளி என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

கை நலம் பெற்றது, ஊர்?

பொது மருத்துவமனையில் தொழுநோயரைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று அக்காலத்தில் அஞ்சினார்கள். ஆகவே வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் சில எளிய குடில்களோடு 1951-இல் "புதுவாழ்வு நிலையம்" என்ற பெயரில் ஒரு குடியிருப்பு தொடங்கியது. மடங்கிய கைகள் அங்கே விரிந்தன. விரிந்த கையோடு ஊருக்குப் போனவர் சிலர் சில நாட்களில் திரும்பிவந்து மருத்துவரிடம் வருத்தத்தோடு முறையிட்டனர். கை வளைந்திருந்தபோது பிச்சையாவது கிடைத்தது. நேரான கையைப் பார்த்து யாரும் காசு போடுவதில்லை. வேலையோ, தங்க இடமோ தருவாரும் இல்லை!

சகோதரிகளே, சகோதரர்களே! அறுவை மருத்துவரால் விரலை நேராக்க முடிந்தது. ஊராரின் உள்ளத்தை நேராக்கும் கத்தி அவரிடம் இல்லை. அதனால் அவர் தச்சுப்பட்டறை அமைத்தார். மரப்பொம்மை செய்யக் கற்பித்தார். உதிர்ந்துபோன புருவத்தைக் கண்டே மக்கள் விலகினார்கள் என்பதால், தலைமுடியுள்ள தோலை எடுத்துப் புருவம் அமைத்தும் கொடுத்தார். நோயைத் தீர்க்க வேண்டாத இந்த அறுவை, பார்ப்பவர் கண்ணில் இருந்த நோய்க்காகச் செய்யப்பட்டது.

பிராண்ட் தம் அனுபவங்களுள் ஒன்றை எழுதியிருக்கிறார். ஒரு நோயரின் தோளில் கைவைத்து, செய்யவிருக்கும் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தார். அம்மனிதர் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார். தவறாக ஏதேனும் சொல்லிவிட்டேனா என்று உடனிருந்தவரைக் கேட்டார். நீண்டகாலமாக அவரை ஒருவரும் தொட்டதில்லை; அதனால்தான் அழுகிறார் என்று விடை கிடைத்தது.

மருத்துவருக்கு வந்த ஓர் இரவு

பிறர் துன்பத்தை அறிவது ஒன்று. அதனைத் தன் துன்பமாக உணர்வது வேறொன்று. 1950-களின் தொடக்கத்தில் பிராண்ட் அமெரிக்காவிலிருந்து கடல்கடந்து இங்கிலாந்து வந்தபோது, ஓரிரவு காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. எத்தனை பேருக்கு அதே ஊசியால் குத்தி "தொழுநோய்" என்று சொல்லியிருப்பார்! அன்றிரவு அவர் உறங்கவில்லை. மனைவி மக்களைப் பிரிய நேருமே, அறிந்தவரெல்லாம் ஒதுங்குவார்களே என்ற எண்ணங்கள் அவரை வாட்டின. விடிந்ததும் மீண்டும் ஊசியை எடுத்துக் குத்தினார். வலித்தது! நெடும்பயணத்தில் நரம்பு நசுங்கியதால் நேர்ந்த மரமரப்பு அது. அந்த வலியைப்போல் இன்பம் தந்தது எதுவுமில்லை என்று பிற்காலத்தில் சொல்லிவந்தார். அவர் அனுபவித்தது ஓர் இரவு. அவரிடம் வந்தவர்கள் அனுபவித்ததோ வாழ்நாளெல்லாம்.

இதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற பெண் மருத்துவரும் இருந்தார். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இனி என்ன செய்வார் என்று பிறர் இரங்கிய வேளையில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். நிற்க முடியாத மருத்துவர் ஒருவர் தம் கையைச் சீராக்க வருவதைக் கண்ட நோயருக்கு நம்பிக்கை ஊட்ட வேறு சொல் தேவைப்பட்டிருக்குமா?

ஒரு செருப்பின் கதை

இனி, நினைவில் வைத்திருக்கச் சொன்ன காலணிக்கு வருவோம். உணர்ச்சியற்ற காலுக்குக் கடினமான செருப்பு ஒரு பகைவன். பிராண்டும் அவர் தோழர்களும் மரத்திலும் தோலிலும் ரப்பரிலும் பலவகைக் காலணிகளைச் செய்து பார்த்தார்கள். முடிவில், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பர் ஏற்றதென்று கண்டார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று வழங்கும் காலணி அதுதான். அதனை அணிந்த காலில் புண் வருவது பெருமளவு குறைந்தது.

அந்தச் செருப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டு வாசலிலேயே அது இருக்கலாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன வாப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் மருத்துவர் எழுதிக்கொடுப்பது அதே எம்.சி.ஆர். செருப்பைத்தான். இரண்டு நோயிலும் கால் உணர்ச்சியை இழக்கிறது. இரண்டிலும் தெரியாமல் புண் வருகிறது. இரண்டிலும் விரலை இழப்போர் உண்டு. ஒருவரை வீட்டில் அமர்த்திக் கால் கழுவித் துடைத்துப் பணிவிடை செய்கிறோம். மற்றவரைத் தெருவில் கண்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்கிறோம். கால் ஒன்றுதான், புண் ஒன்றுதான், செருப்பும் ஒன்றுதான். வேறுபட்டிருப்பது நம் பார்வை மட்டுமே.

மறைக்கப்படும் தேமல்

"இதெல்லாம் பழங்கதை, நோய்தான் ஒழிந்துவிட்டதே" என்று நீங்கள் கூறலாம். பாதி உண்மை. 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின், 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை உண்டால் நோய் முற்றிலும் குணமாகிறது. அம்மருந்தை முதன்முதலில் பெற்ற மாவட்டங்களுள் நம் வட ஆற்காடும் ஒன்று. மருந்தைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயர் பிறருக்கு நோயைப் பரப்பாதவராகிவிடுகிறார். 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே நோய் குறைந்துவிட்டதாக 2005-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா அறிவித்தது. ஆயினும் 2023-ஆம் ஆண்டில்கூட நம் நாட்டில் புதிதாக 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியிருப்பது தெரியவந்தது. உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோருள் பாதிக்கு மேல் இந்தியரே.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். பின் ஏன் ஊனத்தோடு வருகிறார்கள்? வெட்கம்தான். நிறம் வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல் தோன்றுகிறது. அரிப்பில்லை, வலியில்லை, தொட்டால் தெரிவதும் இல்லை. பெற்ற தாய் அதைக் காண்கிறாள். மகளுக்கு நிக்காஹ் பேசும் வயது. மருத்துவமனை வாசலில் யாரேனும் பார்த்துவிட்டால் சம்பந்தம் கலைந்துவிடுமே என்று முந்தானையால் மூடி மறைக்கச் சொல்கிறாள். அந்தத் தாயைக் குறைசொல்ல நமக்கு உரிமை உண்டா? அவள் அஞ்சுவது கிருமிக்கன்று, நமக்கு. மறைத்த தேமல் நரம்பைத் தின்கிறது, கை மடங்குகிறது, மடங்கிய கையைக் கண்ட ஊர் இன்னும் அஞ்சுகிறது, அந்த அச்சத்தைக் கண்ட அடுத்த தாய் அடுத்த தேமலை மறைக்கிறாள். இச்சக்கரத்தைச் சுழற்றுவது நம் நாவே.

சட்டத்திலும் அந்த அச்சம் குடியிருந்தது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், கணவனுக்குத் தொழுநோய் என்பது மனைவி மணமுறிவு கோரத்தக்க காரணங்களுள் ஒன்றாக இருந்தது. கிறிஸ்தவர்க்கும் இந்துக்களுக்கும் உரிய சட்டங்களிலும் இதுபோன்ற பிரிவுகள் இருந்தன. குணமாகும் நோயைக் காரணமாக்குவது நீதியாகாது என்று 2019-இல் நாடாளுமன்றம் அனைத்திலிருந்தும் அதனை நீக்கியது. சட்டப் புத்தகம் மாறிவிட்டது. சம்பந்தம் பேசும் முற்றங்கள் மாறினவா என்பதை நாம்தான் சொல்லவேண்டும்.

கரிகிரி காட்டும் வழி

இன்றைய கரிகிரிக்குச் சென்றால் ஒரு மாற்றத்தைக் காண்பீர்கள். அது தொழுநோயருக்கு மட்டுமான இடமாக இல்லை. சுற்றுவட்டாரத்து மக்கள் தங்கள் பொதுவான நோய்களுக்கும் அங்கே வருகிறார்கள். எந்த வாசலைக் கண்டு விலகினார்களோ, அதே வாசலைத் தேடி வருகிறார்கள். பேசிப் போக்க முடியாத அச்சத்தைச் சேர்ந்திருத்தல் போக்கிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நமக்கும் இதில் வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. ஹிஜ்ரி 88-ஆம் ஆண்டளவில், உமையாக் கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் திமிஷ்க் நகரில் தொழுநோயர்கள் மக்களிடம் கையேந்தாதிருக்க அரசுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை வழங்கினார் என்று வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். பைத்துல்மாலின் கதவை அன்றே அவர்களுக்குத் திறந்தது நம் சமுதாயம்.

பணத்தோடு கடமை முடிந்துவிடுமா? முடியாது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாயிலில் அமர்ந்திருப்பவரின் துண்டில் நாணயத்தை மேலிருந்து போட்டுவிட்டு உள்ளே விரைகிறோம். அவரும் கலிமாச் சொன்னவராயிருந்தால், அவருக்குரிய இடம் வாயிலன்று. ஸஃப்பில் நம் தோளுக்கு அடுத்த இடம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் அழகிய வழக்கம் நமக்குண்டு. நோய் குணமாகி வந்தவர் அந்த வட்டத்தில் கைவைக்கும்போது பக்கத்தில் இருப்பவர் கையை இழுத்துக்கொள்வாரானால், வழக்கத்தின் அழகு அங்கேயே போய்விடும்.

பெரிய காரியம் எதையும் உங்களிடம் கேட்கவில்லை. வீட்டில் யாருக்கேனும் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் இவ்வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கூடவே நீங்களும் செல்லுங்கள். "குஷ்டரோகி" என்ற வசைச்சொல் உங்கள் வீட்டில் ஒலிக்காதிருக்கட்டும். வெண்புள்ளி வந்தவரை "வெண்குஷ்டம்" என்று அழைக்காதீர்கள். அது தொழுநோயே அன்று. சம்பந்தம் பேசும்போது ஒருவரின் பழைய நோயைக் கிசுகிசுத்துப் பரப்பும் நாவை அடக்குங்கள். குணமானவர் கடை வைத்தால் அங்கே பொருள் வாங்குங்கள்; அவர் விருந்துக்கு அழைத்தால் சென்று வயிறார உண்ணுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டுக்கொரு முறையேனும் மருத்துவரை அழைத்து, பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே இந்நோயைப் பற்றிப் பேசச் செய்யலாம்.

மாத்திரை கிருமியைக் கொல்லும். அறுவைச் சிகிச்சை விரலை நிமிர்த்தும். அதன்பின் ஒரு மனிதர் சுகமடைந்து தெருவில் நடந்து வருகிறார்; உங்களைக் கண்டதும், கொடுக்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு கை பாதி உயர்கிறது. எஞ்சிய பாதித் தூரத்தைக் கடக்கவேண்டியது உங்கள் கை. ஸலாம் சொல்லி அதனைப் பற்றிக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கான நல்லுள்ளத்தைத் தந்தருள்வானாக!